ஐசியூவில் வரும் ‘புதுக் கிருமி’ எங்கிருந்து வருகிறது? சந்தர்ப்பவாதத் தொற்றுகள் பற்றி ஒரு விளக்கம்

சாலை விபத்தில் தலையில் அடிபட்டவரை ஐசியூவில் சேர்க்கிறார்கள். அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்தது, தேறி வருகிறார் என்று சேதி வருகிறது. ஒரு வாரத்தில் காய்ச்சல் தொடங்குகிறது, நெஞ்சில் சளி கட்டுகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது. சளியில் ‘அசினெட்டோபாக்டர்’ என்ற பாக்டீரியா வளர்ந்திருப்பதாக மருத்துவர் சொல்கிறார். வரும்போது இல்லாத கிருமி இங்கே எப்படி வந்தது? ஏற்கெனவே உடம்பில் இருந்ததா, மருத்துவமனை கொடுத்ததா? இத்தனை மருந்து ஏற்றியும் ஏன் கேட்கவில்லை? இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எழும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட, சந்தர்ப்பவாதத் தொற்று என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எதைச் சந்தர்ப்பவாதத் தொற்று என்கிறோம்?

காலரா, டைஃபாய்டு கிருமிகள் திடகாத்திரமாக இருப்பவரையும் படுக்கையில் தள்ளிவிடும். குடலில் ஒட்டிக்கொள்ளவும், உள்ளே புகவும், நஞ்சு சுரக்கவும் தேவையான திறன் அவற்றுக்கு உண்டு. இன்னொரு வகை பாக்டீரியாக்கள் எப்போதும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. தோலில், குடலில், குழாய்த் தண்ணீரில், வயல் மண்ணில் அவை வாழ்கின்றன. நல்ல உடல்நிலையில் இருப்பவரை அவற்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. உடலின் காப்பு எங்காவது தளரும்போதுதான் அவை நோயாக மாறுகின்றன. அந்த நோயைத்தான் சந்தர்ப்பவாதத் தொற்று என்கிறோம். பூஞ்சை, வைரஸ், ஒட்டுண்ணி ஆகியவற்றிலும் இவ்வகை உண்டு. இக்கட்டுரை பாக்டீரியாக்களோடு நின்றுகொள்கிறது.

இந்தச் சொல் பொதுமக்கள் காதுக்கு வந்தது எய்ட்ஸ் வழியாக. 1981 ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலீஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு நுரையீரல் தொற்று கண்டறியப்பட்டதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட குறிப்பே எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவப் பதிவு. அதாவது எச்.ஐ.வி. என்ற வைரஸை உலகம் அறியும் முன்பே, அது உடைத்துவிட்ட காப்பின் வழியே நுழைந்த தொற்று கண்ணில் பட்டுவிட்டது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில் தெரியவந்தன. இன்றும் இங்கே எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்று காசநோய்தான்.

காசநோயையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கிருமி உடலில் புகுந்த நல்ல உடல்நிலையுள்ளவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே, அதுவும் ஆயுள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்தான், நோய் வெளிப்படுகிறது. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளிக்கோ ஓர் ஆண்டுக்கே ஏறத்தாழ 10 சதவீத வாய்ப்பு. கிருமி ஒன்றே, உடல்தான் வேறு. அதனால் ‘இது எவ்வளவு மோசமான கிருமி?’ என்ற கேள்வி நம்மை வெகுதூரம் கொண்டு போகாது. யாருடைய உடம்பில், எந்த வழியாக, எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும்.

## காப்பு தளரும் இடங்கள்

1. தோலும் உட்சவ்வும் கிழிவது. தீக்காயம், அறுவைக் காயம், மருந்து ஏற்றக் கை ரத்தக்குழாயில் குத்திய வென்ஃப்ளான், சிறுநீர்க் குழாய், தொண்டைக்குள் இறக்கிய வென்டிலேட்டர் குழாய் எல்லாமே கிருமிக்கு வழிதான். சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் என்ற அளவில் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு மாதம் குழாய் இருந்தால் அநேகமாக எல்லோருடைய சிறுநீரிலும் பாக்டீரியா இருக்கும். வென்டிலேட்டர் குழாய் இருமலைத் தடுத்துவிடுவதால், வாயிலும் தொண்டையிலும் ஊறும் எச்சில் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்குகிறது.

2. வெள்ளையணுக்கள் குறைவது. நுழைந்த பாக்டீரியாவை முதலில் விழுங்குபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 500-க்குக் கீழே இறங்கினால் அபாய நிலை. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அந்த நாட்களில் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. ஏனென்றால் சீழை உண்டாக்குவதே அந்த அணுக்கள்தான். காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கும். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது விதி.

3. சர்க்கரை நோய். நம் ஊரைப் பொறுத்தவரை இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது வெள்ளையணுக்கள் தொற்று நடக்கும் இடத்துக்கு நகர்வதும், கிருமியை விழுங்குவதும் மந்தமாகின்றன. காலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. நரம்பு மரத்துவிடுவதால் புண் இருப்பதே தெரிவதில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்.

4. மருந்தே காரணமாவது. நாட்பட்ட ஸ்டீராய்டு, உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் எதிர்ப்பாற்றல் அடக்கிகள் ஆகியவை தெரிந்தவையே. பலரும் யோசிக்காதது ஆன்டிபயாடிக். குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அது துடைத்து எடுத்துவிட்டால், அந்த வெற்றிடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகிக் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். இதன் வித்துகளைக் கை சானிட்டைசர் கொல்லாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித்தான் போக்க வேண்டும்.

## சூடோமோனாஸ்: தண்ணீர் இருந்தால் போதும்

1882-இல் பிரெஞ்சு மருந்தாளுநர் கார்ல் ஜெஸ்ஸார், காயக்கட்டுத் துணிகளில் படிந்த நீலப்பச்சைக் கறைக்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் சூடோமோனாஸ் ஏருஜினோசா. ஆய்வகத் தட்டில் வளரும்போது திராட்சைப் பழ வாசனை வீசும். பசித்தாலும் சாகாது. காய்ச்சி வடித்த நீரில்கூடப் பெருகும் என்பதுதான் இதன் பலம்.

கனடாவின் டொரன்டோ நகரில் ஒரு பெரிய மருத்துவமனையில் 2004 டிசம்பர் முதல் 2006 மார்ச் வரை 36 நோயாளிகளிடம் பல மருந்துகளுக்கு அசையாத சூடோமோனாஸ் ஒன்று பரவியது. தேடிப் பார்த்ததில், கை கழுவும் தொட்டிகளின் வடிகாலில் அது குடியிருந்தது. வடிகாலில் ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர் நேராக வடிகாலின் மேல் விழுந்து, சாயத் துளிகள் ஒரு மீட்டர் தூரத்துக்கு, நோயாளியின் படுக்கைப் பக்கம் வரை தெறித்திருந்தன. ஆன்டிபயாடிக் கொண்டு அந்தப் பரவல் நிற்கவில்லை. தண்ணீர் தெறிக்காதபடி தொட்டிகளை மாற்றி அமைத்த பிறகே நின்றது. கையைச் சுத்தமாக்கப் போட்ட தொட்டியே ஊற்றுக்கண்ணாக இருந்ததை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது நிகழ்வு சென்னையோடு தொடர்புடையது. 2023-இல் அமெரிக்காவில் 18 மாநிலங்களைச் சேர்ந்த 81 பேரிடம், ஏறக்குறைய எந்த மருந்துக்கும் கட்டுப்படாத ஒரு சூடோமோனாஸ் வகை கண்டறியப்பட்டது. அந்நாட்டில் அதற்கு முன் அந்த வகை பதிவானதில்லை. 14 பேர் பார்வை இழந்தனர், 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தனர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்கள். நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் பொதுவாக இருந்தது கண் வறட்சிக்குப் போடும் செயற்கைக் கண்ணீர் மருந்து. பலரும் பயன்படுத்தியிருந்த ஒரு நிறுவனத்தின் சொட்டு மருந்து, சென்னையை அடுத்த ஓர் ஆலையில் தயாரானது. நோயாளிகள் பயன்படுத்திய புட்டிகளில் அதே கிருமி இருந்தது. ஆலையைப் பார்வையிட்ட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கிருமிநீக்க நடைமுறைகளில் குறைகளைப் பதிவு செய்தது.

கண்ணில் போட்ட மருந்தால் சிலருக்குச் சளியிலும் கிருமி வந்தது எப்படி? கண்ணின் உள்மூலையில் கண்ணீர் வடியும் சிறு நாளம் மூக்கில் போய்த் திறக்கிறது. கண்ணில் விட்ட சொட்டு தொண்டையில் கசப்பதை நாமே உணர்ந்திருப்போம். அந்தப் பாதையே கிருமிக்கும் போதுமானதாக இருந்திருக்கிறது. இவர்களில் பலர் முதியோர் இல்லங்களிலும் நீண்டகாலப் பராமரிப்பு மையங்களிலும் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த மருந்தை ஊற்றியவர்கள் ஏராளம். நோய் முற்றியது காப்பு தளர்ந்திருந்த சிலருக்கே. சொட்டு மருந்தில் கிருமி இருக்கவே கூடாது என்று சட்டம் இவ்வளவு கறாராகச் சொல்வது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.

## இன்னும் மூன்று பாக்டீரியாக்கள், சுருக்கமாக

அசினெட்டோபாக்டர் பௌமானி. சூடோமோனாஸுக்கு ஈரம் வேண்டும், இதற்கு அதுவும் வேண்டாம். கட்டில் கம்பியிலும் மானிட்டர் பொத்தானிலும் உலர்ந்த நிலையில் பல வாரங்கள் உயிரோடு கிடக்கும். ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் பெரும்பாலும் கைகளின் வழியாகவே போகிறது. தொடக்கத்தில் கேட்ட ‘எங்கிருந்து வந்தது’ என்பதற்குப் பல நேரங்களில் இதுதான் விடை.

கிளெப்சியெல்லா நிமோனியே. பலருடைய குடலிலும் வாழ்வது. நோயாளி தன்னோடு கொண்டுவந்ததாகவும் இருக்கலாம், மருத்துவமனையில் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். நம் எல்லோர் தோலிலும் இருப்பது. வென்ஃப்ளான், செயற்கை இதய வால்வு, மாற்று மூட்டு போன்றவற்றில் ஒட்டி, தன்னைச் சுற்றிப் பசை போன்ற படலம் ஒன்றைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழும். இதை உயிர்ப்படலம் என்பர். படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்தால் முழுதாக ஒழிப்பது அரிது. அதனால்தான் மருத்துவர் குழாயைக் கழற்றிவிட்டு வேறு இடத்தில் போடுகிறார். அங்கே குழாயை எடுப்பதும் சிகிச்சையே.

## கல்ச்சர் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

நோயாளியின் சளி, ரத்தம் போன்ற மாதிரியில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் கல்ச்சர். குடும்பத்தினர் அதிகம் குழம்புவதும், தவறான மருந்து அதிகம் ஏறுவதும் இந்த இடத்தில்தான். அறிக்கையில் ஒரு பாக்டீரியாவின் பெயர் வந்துவிட்டால் அதுவே நோய் என்று முடிவு கட்டிவிடுகிறோம். படிப்படியாக யோசிக்க வேண்டியது இப்படி:

1. கிருமி ஓர் இடத்தில் இருப்பது குடியிருப்பு. அது திசுக்களைத் தாக்கி உடல் எதிர்வினை காட்டினால்தான் தொற்று. இரண்டுக்கும் கல்ச்சர் ஒரே விடையைத்தான் தரும்.

2. ஆகவே மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ரத்தத்திலோ தண்டுவட நீரிலோ கிருமி இருக்கக் கூடாது. அங்கே சூடோமோனாஸ் வளர்ந்தால் பொருட்படுத்தியே ஆக வேண்டும். வென்டிலேட்டர் குழாயில் உறிஞ்சிய சளியிலும், நாட்பட்ட சிறுநீர்க் குழாயிலும், திறந்த புண்ணின் மேற்பரப்பிலும் கிருமி இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே.

3. ரத்தத்தில் தோல் பாக்டீரியா வளர்ந்தால், ஊசி குத்தும்போது தோலிலிருந்து புட்டிக்குள் போயிருக்கலாம். இதைப் பிரித்தறியத்தான் இரு வேறு இடங்களில் ரத்தம் எடுக்கிறார்கள். இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஏன் இரண்டு முறை குத்துகிறீர்கள் என்று செவிலியரிடம் கோபப்பட வேண்டாம்.

4. காய்ச்சல், வெள்ளையணு எண்ணிக்கை, எக்ஸ்ரே மாற்றம், ஆக்சிஜன் தேவை இவையெல்லாம் அறிக்கையோடு ஒத்துப்போனால்தான் சிகிச்சை. காய்ச்சலும் எரிச்சலும் இல்லாத, சிறுநீர்க் குழாய் போட்ட முதியவரின் சிறுநீரில் வெறும் கிருமி தெரிந்ததற்காக ஆன்டிபயாடிக் கொடுத்தால் அவருக்குப் பலன் இல்லை. அடுத்து வரும் கிருமி அந்த மருந்தைத் தாங்கக் கற்றிருக்கும்.

## மருந்து ஏன் கேட்பதில்லை?

மருத்துவமனைச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்குகளின் நடுவிலேயே வாழ்கின்றன. தாங்காதவை அழிகின்றன, தாங்குபவை பெருகுகின்றன. தாங்கும் திறனுக்கான மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையமாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, இனம் கடந்தும், கொடுத்துக்கொள்கின்றன.

கடைசி அரண்களில் ஒன்றாக வைத்திருந்த மருந்துக் குழு கார்பபெனெம். மெரோபெனெம் அதில் ஒன்று. அதைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 (நியூ டெல்லி மெட்டல்லோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதி, இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரின் கிளெப்சியெல்லாவில் முதலில் காணப்பட்டு 2009-இல் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த விரிவான ஆய்வு சென்னை, ஹரியாணா, பாகிஸ்தான், பிரிட்டன் மாதிரிகளில் அது பரவியிருந்ததைக் காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பெயரில் ‘நியூ டெல்லி’ இருப்பது பற்றி அப்போது நடந்த சண்டையில், சொல்லப்பட்ட விஷயத்துக்கு உரிய கவனம் கிடைக்காமல் போனது வருத்தம். ஆனாலும் 2012-இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான ‘சென்னைப் பிரகடனத்தை’ உருவாக்கின.

மெரோபெனெம் தோற்றால் பலமுறை மிஞ்சுவது கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் பல பத்தாண்டுகள் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து அது. அதையே கோழித் தீவனத்திலும் கலந்துகொண்டிருந்தார்கள். கால்நடைக்கும் கோழிக்கும் அதைப் பயன்படுத்த 2019-இல் இந்திய அரசு தடை விதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் புதுப்பித்த பட்டியலில், கார்பபெனெமுக்கு அசையாத அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லா வகையறாவும் மிக அவசரமான நிலையில் வைக்கப்பட்டுள்ளன.

## சேற்றில் காத்திருக்கும் ஒன்று: மெலியோய்டோசிஸ்

சந்தர்ப்பவாதத் தொற்று ஐசியூவோடு முடிந்துவிடுவதில்லை. நம் வயல்களில் இருக்கும் ஒரு பாக்டீரியாவைப் பற்றித் தமிழில் போதுமான அளவு பேசப்படவில்லை. பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்பது அதன் பெயர். அது கொடுக்கும் நோய் மெலியோய்டோசிஸ்.

ரங்கூனில் ஆல்ஃபிரெட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் இதை முதன்முதலில் விவரித்து 1912-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவர்களில் பெரும்பாலோர் மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி உடல் நலிந்தவர்கள். தளர்ந்த காப்பும் ஊசி வழித் திறப்பும் அந்த முதல் பதிவிலேயே சேர்ந்து நிற்கின்றன.

வெப்பமண்டல ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் இது வாழ்கிறது. மழைக்காலத்தில் மண்ணின் மேற்பரப்புக்கு வருகிறது. வெறுங்காலோடு நாற்று நடுபவரின் சேற்றுப்புண் வழியாகவும், கலங்கிய நீரைக் குடிப்பதாலும், புயல் காற்றில் பறக்கும் நீர்த்துளியைச் சுவாசிப்பதாலும் உள்ளே போகும். நோயாளிகளில் பெரும்பங்கினர் சர்க்கரை நோய் உள்ளவர்கள். நாட்பட்ட சிறுநீரக நோயும் மிகையான குடியும் அடுத்த காரணங்கள். 2016-இல் வெளியான மதிப்பீடு, உலகில் ஆண்டுக்கு சுமார் 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் கணக்கிட்டது. தெற்காசியாவின் பங்கு அதில் கணிசமானது. வேலூர் சி.எம்.சி.யிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நோயாளிகள் பற்றிய அறிக்கைகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.

பெரிய சிக்கல் கண்டுபிடிப்பதில். நுரையீரலைத் தாக்கினால் காசநோய் போலவே இருக்கும்: நீடித்த காய்ச்சல், இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் நிழல். சளியில் காசநோய்க் கிருமி தெரியாமலேயே காசநோய் மாத்திரை தொடங்கப்பட்டு மாதக்கணக்கில் போய்விடும். சிலருக்குக் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள், சிலருக்கு மூட்டில் சீழ், ஆண்களுக்கு ப்ராஸ்டேட்டில் கட்டி. கல்ச்சரில் வளர்ந்தாலும் ஆய்வகம் ‘சூடோமோனாஸ் வகை’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாமல், அமாக்சிசிலின்–கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படும் ‘சூடோமோனாஸ்’ ஒன்றைக் கண்டால் ஆய்வகத்தினர் மெலியோய்டோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். அந்த ஒரு சந்தேகமே உயிரைக் காக்கும்.

சிகிச்சை இரண்டு கட்டம். முதலில் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள். ஆழ்ந்த கட்டிகள் இருந்தால் அதைவிடக் கூடுதல். பிறகு கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். ஊசி முடிந்து காய்ச்சல் நின்றதும் வீட்டுக்குப் போய் மாத்திரையை விட்டுவிடுபவர்களுக்கு நோய் மறுபடி வருவது இதில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

## என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்?

ஐசியூவில் உறவினர் இருந்தால் தினமும் ஒரு கேள்வி கேட்கலாம்: இன்றைக்கும் அந்தச் சிறுநீர்க் குழாய் தேவையா, கழுத்தில் இருக்கும் குழாய் தேவையா? தேவையற்ற ஒவ்வொரு குழாயும் கழன்றால் ஒரு வழி அடைபடுகிறது. படுக்கையின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அது எச்சில் நுரையீரலுக்குள் இறங்குவதைக் குறைக்கும். பார்க்கப் போகும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்யுங்கள். ஆன்டிபயாடிக்கை மாற்றும்போது, இது தொற்றுக்கா, வெறும் குடியிருப்புக்கா என்று மருத்துவரிடம் நிதானமாகக் கேட்பதில் தவறில்லை.

சர்க்கரை நோய் உள்ள விவசாயி மழைக்காலத்தில் சேற்றில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போட்டால் நல்லது. நடவில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றால், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கால் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, புண் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், மருத்துவரிடம் போகும்போது இரண்டு தகவல்களை மறக்காமல் சொல்ல வேண்டும்: சர்க்கரை இருக்கிறது, வயலில் வேலை செய்கிறேன். ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லும் முடிவு பெரும்பாலும் அந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்ட பிறகே பிறக்கும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் அந்தக் கல்ச்சரை எடுத்துவிட்டால் கிருமி அகப்படும் வாய்ப்பு அதிகம்.